டி.என். என்றால் டென்னசி: ஓட்டுப் போட்டு அமைத்த போலீஸ் கண்காணிப்பு வாரியத்தை மாநிலச் சட்டம் கலைத்தது சரியா?

#1 நாஷ்வில்_நாகு

2018 ஜூலை என்று நினைவு. ஃபார்மர்ஸ் மார்க்கெட்டில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்பும்போது ஒரு வயதான கருப்பினப் பெண்மணி கிளிப்போர்டை நீட்டினார். போலீஸைக் கண்காணிக்க ஊர் மக்களே ஒரு வாரியம் வைக்க வேண்டும், நவம்பர் தேர்தலில் அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரக் கையெழுத்து சேகரிக்கிறோம் என்றார். நான் அப்போது ஹெச்1பி, ஓட்டுரிமை இல்லை, என் கையெழுத்து செல்லாது என்றேன். "பரவாயில்லை, ஓட்டு உள்ள நாலு பேரிடம் சொல்லுங்கள்" என்று ஒரு தாளைக் கையில் திணித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். வெயிலில் அந்தத் தாளே சூடாக இருந்தது.

முந்தைய வருடம் பிப்ரவரியில் கிழக்கு நாஷ்வில் கேஸி குடியிருப்பில் போக்குவரத்துச் சோதனை ஒன்றில் ஒருவர் போலீஸால் சுடப்பட்டு இறந்திருந்தார். கையெழுத்து இயக்கம் சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான். அந்தப் பெண்மணியைப் பார்த்த கொஞ்ச நாளிலேயே டேனியல் ஹாம்ப்ரிக் சாவு. 25 வயது, ஓடிக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து சுட்டார்கள். நாஷ்வில் போலீஸிடம் அப்போது பாடி கேமரா பரவலாகக் கிடையாது, கண்காணிப்புக் கேமரா வீடியோ இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு ஒரு பத்தி அறிக்கையாக முடிந்திருக்கும்.

போலீஸ் சங்கம் நீதிமன்றம் வரை போய் வாக்கெடுப்பைத் தடுக்கப் பார்த்தது, முடியவில்லை. நவம்பரில் 59 சதவீதம் பேர் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். 11 உறுப்பினர்கள், அதில் 7 பேர் சமூக அமைப்புகளும் மக்களும் முன்மொழிபவர்கள், தனி ஊழியர்கள், தனி பட்ஜெட். ஊர்ச் சாசனத்திலேயே எழுதியாகிவிட்டது. சரி, இனி யாரும் தொட முடியாது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

அடுத்த ஏப்ரலிலேயே மாநில சட்டசபை கை வைத்தது. வாரியத்துக்கு நேரடி சம்மன் அதிகாரம் கிடையாது, முன்னாள் வேலையைக் காட்டி யாரையும் உறுப்பினராகாமல் தடுக்கக் கூடாது (அதாவது ஓய்வு பெற்ற போலீஸையும் சேர்க்க வேண்டும்) என்று சட்டம். 2023இல் அடுத்த சட்டம் வந்து வாரியத்தையே தூக்கிவிட்டது. அதற்குப் பதில் மேயர் நியமித்து கவுன்சில் ஒப்புக்கொள்ளும் 7 பேர் கொண்ட ஆலோசனைக் குழு வைத்துக்கொள்ளலாம். புகார் வந்தால் அந்தக் குழு தானாக விசாரிக்க முடியாது, போலீஸைப் போலீஸே விசாரிக்கும் இன்டர்னல் அஃபேர்ஸ் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் முடித்த பிறகு வாங்கிப் படித்துக் கருத்துச் சொல்லலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பதை அமெரிக்காவில் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊர் போட்ட ஓட்டை மாநிலம் அழிக்கலாமா? இங்கே இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 தூத்துக்குடி_தம்பி

அண்ணே, தலைப்பில் டி.என். என்று பார்த்து நம்ம தமிழ்நாடு என்று நினைத்து ஓடி வந்தேன். படித்து முடித்த பிறகும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

#3 டல்லாஸ்_பாஸ்கர்

நாகு சார், உணர்ச்சியை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோம். நான் எங்கள் ஊர் போலீஸ் நடத்தும் சிட்டிசன்ஸ் அகாடமிக்கு வாரம் ஒரு மாலை என்று மூன்று மாதம் போனவன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ரோந்து வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்தும் போயிருக்கிறேன். இருட்டில் ஒரு காரின் கண்ணாடிப் பக்கம் நடந்து போகிற அந்த பத்து அடி இருக்கிறதே, நான் வண்டிக்குள்ளேயே இருந்தும் எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. இதை ஒரு நாள்கூடப் பார்க்காத 11 பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மூன்று விநாடி முடிவை மூன்று மாதம் அலசி, அவன் செய்தது தப்பு என்பார்கள். எந்த வேலைக்கு இப்படி வைக்கிறோம்? ஆபரேஷன் சரியா என்று சொல்ல டாக்டரைத்தானே கேட்கிறோம்?

இன்னொன்று, போலீஸுக்குச் சான்றிதழ் கொடுப்பதே மாநிலம். நாஷ்விலில் ஒரு விதி, மெம்ஃபிஸில் ஒரு விதி, நாக்ஸ்வில்லில் ஒரு விதி என்றால் யார் வேலைக்கு வருவார்கள்? ஏற்கெனவே ஆள் கிடைக்கவில்லை. எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி சட்டம் என்பதில் தப்பு என்ன?

#4 சட்டம்_சாரதா

பாஸ்கர் சார் சொன்னதில் கடைசிப் பாதி வலுவானது, முதல் பாதி இல்லை. டாக்டர் தப்பு செய்தால் டாக்டர்கள் சாட்சி சொல்வார்கள், தீர்ப்புச் சொல்வது பன்னிரண்டு சாதாரண ஜனங்கள் கொண்ட ஜூரி. இந்த நாட்டில் கொலை வழக்கையே மளிகைக் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் முடிவு செய்கிறார்கள், ஒரு போலீஸ் புகாரைப் படித்துப் பார்க்க மட்டும் தகுதி இல்லாமல் போகுமா?

நாகு கேட்ட கேள்விக்குச் சட்டப்படி பதில் கசப்பானது. அழிக்கலாம். அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் நகரம் என்ற சொல்லே கிடையாது, மாநிலம் உண்டு, நகரம் இல்லை. 1868இல் ஐயோவா நீதிபதி ஜான் டில்லன், நகராட்சி மாநிலம் பெற்ற பிள்ளை, கொடுத்த அதிகாரம்தான் அதற்கு உண்டு என்று எழுதிவைத்தார். 1907இல் ஹன்டர் எதிர் பிட்ஸ்பர்க் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொன்னது, மாநிலம் நினைத்தால் நகரத்தின் அதிகாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நகரத்தையே இல்லாமல் ஆக்கலாம். ஹோம் ரூல், அதாவது ஊர் தன் விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமை என்று பல மாநிலங்கள் பின்னால் கொஞ்சம் இடம் கொடுத்தன, ஆனால் எல்லா ஊருக்கும் பொருந்தும் மாநிலச் சட்டம் ஒன்று வந்துவிட்டால் ஊர் விதி பெரும்பாலும் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். மேயர் பார்ப்பதற்கு ஊருக்கு ராஜா மாதிரி இருப்பார், மாநிலத்தின் முன்னால் அவர் வாடகைக்குக் குடியிருப்பவர்.

ஆகவே சட்டசபைக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். அவர்கள் முதலில் பிடுங்கியது எது? சம்மன். வாரியத்தின் பெயரையோ, நாற்காலிகளையோ, காபி மெஷினையோ 2019இல் யாரும் தொடவில்லை. காகிதத்தைக் கேட்டு வாங்கும் அதிகாரம், அதைத்தான் முதலில் எடுத்தார்கள். எல்லா ஊரிலும் இதே வரிசைதான்.

#5 எடிசன்_ரவி

சாரதா அக்கா சொல்வதற்கு எங்கள் நியூஜெர்சியே சாட்சி. நெவார்க்கில் 1967 கலவரமே ஒரு டாக்ஸி டிரைவரைப் போலீஸ் அடித்ததில் தொடங்கியது. அன்றிலிருந்து மக்கள் வாரியம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, 2016இல் மேயர் ரஸ் பராக்கா காலத்தில்தான் ஊர்ச் சட்டம் வந்தது. 11 பேர், சம்மன் அதிகாரம், வாரியம் கண்டுபிடித்த உண்மைகளை, அப்பட்டமான பிழை இருந்தால் ஒழிய, போலீஸ் தலைமை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று நல்ல பல்லோடு எழுதியிருந்தார்கள்.

போலீஸ் சங்கம் வழக்குப் போட்டது. 2020 ஆகஸ்டில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாரியம் இருக்கலாம், விசாரிக்கவும் செய்யலாம், ஆனால் இன்டர்னல் அஃபேர்ஸ் அதே புகாரை விசாரித்துக்கொண்டிருக்கும்போது கூடாது, சம்மன் அதிகாரம் கிடையாது, கண்டுபிடிப்பு போலீஸ் தலைமையைக் கட்டுப்படுத்தாது. சம்மன் வேண்டுமென்றால் மாநில சட்டசபையிடம் போய்ச் சட்டம் வாங்கி வாருங்கள் என்றது. தலைமை நீதிபதி ராப்னர் மட்டும் மாறுபட்டு எழுதினார்.

இங்கே ஆளுங்கட்சி டெமாக்ரட், நெவார்க்கும் டெமாக்ரட். எனவே இது சிவப்பு (ரிபப்ளிகன்) மாநிலம், நீல (டெமாக்ரட்) ஊர் என்கிற சண்டை மட்டும் இல்லை.

#6 மியாமி_மணி

எங்கள் கதையையும் போட்டுவிடுகிறேன். மியாமியில் 2001இல் மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த விசாரணைக் குழு, 13 பேர். முதல் அடி 2017இல், ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் டாகோஸ்டினோ வழக்கில், போலீஸ்காரரைச் சம்மன் அனுப்பி வரவழைக்க முடியாது, அது, விசாரணைக்கு உள்ளாகும் போலீஸுக்குப் பாதுகாப்புத் தரும் மாநிலத்தின் போலீஸ் உரிமைச் சட்டத்துக்கு முரண் என்றது. புகார் கொடுத்தவர் வரலாம், சாட்சி வரலாம், யார் மேல் புகாரோ அவர் மட்டும் வர வேண்டாம். மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்.

இரண்டாவது அடி 2024 ஏப்ரலில், கவர்னர் டிசான்டிஸ் கையெழுத்திட்ட சட்டம். போலீஸ் தவறு பற்றிய புகாரை எந்த ஊர்க் குழுவும் விசாரிக்கவே கூடாது. ஜூலை 1 முதல் அமல். மியாமி குழு கடையைக் கட்டியது. வேண்டுமென்றால் போலீஸ் தலைவரோ ஷெரிஃபோ (கவுண்டி, அதாவது மாவட்டத்தின் போலீஸ் தலைவர்) தாங்களே மூன்று முதல் ஏழு பேர் வரை நியமித்து ஒரு குழு வைத்துக்கொள்ளலாம், அதில் ஒருவராவது ஓய்வு பெற்ற போலீஸாக இருக்க வேண்டும். பரீட்சை எழுதுகிறவனே விடைத்தாள் திருத்த ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

#7 டல்லாஸ்_பாஸ்கர்

மணி, பாதியைச் சொல்கிறீர்கள். போலீஸ் உரிமைச் சட்டம் ஏன் வந்தது? 1967இல் காரிட்டி வழக்கு. வேலை போய்விடும் என்று மிரட்டி போலீஸ்காரரிடம் வாங்கும் வாக்குமூலத்தை அவர் மேலான கிரிமினல் வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அனுபவம் இல்லாத ஒரு வாரியம் முந்திக்கொண்டு ஆளைக் கூப்பிட்டு வாயைக் கிளறினால், பின்னால் நிஜமான கிரிமினல் வழக்கே கெட்டுப்போகும். ஆர்வக் கோளாறில் குற்றவாளியைத் தப்பவிடுவீர்கள். இதையும் யோசியுங்கள்.

#8 சட்டம்_சாரதா

இது நியாயமான கவலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருந்து அளவாக இருக்க வேண்டும். கிரிமினல் விசாரணை முடியும்வரை வாரியம் பொறுத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி போதும். "விசாரிக்கவே கூடாது" என்பது தலைவலிக்குத் தலையை எடுப்பது. அப்புறம், வீடியோ, ரேடியோ பதிவு, பணிப்பதிவேடு, பழைய புகார்க் கோப்பு இவற்றைக் கேட்பதற்கும் காரிட்டிக்கும் சம்பந்தமே இல்லை. காகிதத்துக்கு வாய் கிடையாது, அதற்கு மௌனம் காக்கும் உரிமையும் கிடையாது.

#9 செல்வி_டென்னசி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சட்டம் எனக்குத் தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம்.

ஒரு தீபாவளி நிகழ்ச்சி முடிந்து வரும்போது நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய இடத்தில் எங்களை நிறுத்தினார்கள். லேன் மாறும்போது இண்டிகேட்டர் போடவில்லையாம். என் கணவர் வேட்டி, நான் பட்டுப்புடவை, பின்சீட்டில் பிள்ளை தூங்குகிறான். டிக்கியில் இரண்டு பெரிய எவர்சில்வர் தூக்கு, சாம்பார் சாதம் மிச்சம். வாசனை என்ன என்று கேட்டார். பெருங்காயம் என்பதற்கு எனக்கு அந்த நேரத்தில் இங்கிலீஷ் வார்த்தை வரவில்லை. என் கணவரைச் சாலையோரக் கட்டையில் உட்காரச் சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் காரைக் குடைந்தார்கள். தூக்கைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். டிக்கெட்கூடக் கொடுக்கவில்லை, போகச் சொல்லிவிட்டார்கள். வேட்டியெல்லாம் ஈரமண், அவர் வீட்டுக்கு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

புகார் எழுதிக் கொடுத்தோம். நாலு மாதம் கழித்து ஒரு கவர் வந்தது. மூன்று வரி. உங்கள் புகாரை விசாரித்தோம், "நாட் சஸ்டெய்ன்ட்" (நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லை) என்று முடிவு செய்துள்ளோம், நன்றி. அவ்வளவுதான். யார் விசாரித்தார், வீடியோவைப் பார்த்தாரா, எங்களை ஏன் கூப்பிட்டுக் கேட்கவில்லை, ஒன்றும் கிடையாது.

அடித்தார்களா என்றால் இல்லை. செத்தோமா என்றால் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், இந்த வாரியம் பற்றிய பேச்சு எப்போதும் சாவை வைத்தே நடக்கிறது. எங்களை மாதிரி மூன்று வரிக் கடிதம் வாங்கியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

#10 நாஷ்வில்_நாகு

செல்வி அக்கா, படித்துவிட்டு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. தூக்கைத் திறந்து டார்ச் அடித்தது கண்ணிலேயே நிற்கிறது.

சாவு பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். டயர் நிக்கல்ஸ் மெம்ஃபிஸில் போலீஸிடம் அடிபட்டது 2023 ஜனவரி 7, இறந்தது 10ஆம் தேதி. அதுவும் சாலையில் வண்டியை நிறுத்தியதில் தொடங்கியதுதான். கம்பத்தில் இருந்த கேமராதான் முழுவதையும் மேலேயிருந்து காட்டியது. நாடே பார்த்தது. அதே வருடம், அதே சட்டசபைக் கூட்டத்தில்தான் கண்காணிப்பு வாரியங்களைக் கலைக்கும் மசோதா நிறைவேறியது. மெம்ஃபிஸ் கவுன்சில் அந்த ஏப்ரலில், பின்விளக்கு எரியவில்லை என்பது போன்ற சில்லறைக் காரணத்துக்கு மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது என்று ஊர்ச் சட்டம் போட்டது. அதையும் 2024 மார்ச்சில் மாநிலச் சட்டம் செல்லாது ஆக்கியது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் வேண்டாம் என்று கேட்டும்.

#11 தூத்துக்குடி_தம்பி

சிரித்துவிட்டுப் போய்விட்டேன், செல்வி அக்கா எழுதியதைப் பார்த்து திரும்பி வந்தேன்.

நம்ம டி.என்.னில் நடந்தது இதன் அண்ணன் கதை. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று போலீஸ் புகார் ஆணையம் வையுங்கள், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் என்று உத்தரவு போட்டது. தமிழ்நாடு 2013இல் சட்டம் போட்டது. யார் தலைவர்? மாநிலத்துக்கு உள்துறைச் செயலாளர், கூட டி.ஜி.பி. மாவட்டத்துக்குக் கலெக்டர், கூட எஸ்.பி. மணி அண்ணன் சொன்ன விடைத்தாள் கதைதான், இங்கே பரீட்சை ஹாலும் அவர்களுடையது.

சாரதா அக்கா காகிதம் காகிதம் என்கிறீர்களே, சாத்தான்குளத்தில் அதுதானே நடந்தது. 2020 ஜூனில் அப்பாவும் மகனும் செத்த பிறகு மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தால், சி.சி.டி.வி. ஹார்டு டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கிறது, ஆனால் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி செட்டிங் வைத்திருக்கிறார்கள். மாஜிஸ்திரேட்டுக்கு ஹைகோர்ட் பின்னால் நின்றது, அதனால் உள்ளே போக முடிந்தது. அங்கிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார். புகார் ஆணையம் என்று ஒன்று இருந்ததாக எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

#12 டல்லாஸ்_பாஸ்கர்

தம்பி, அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். ஆனால் செல்வி மேடம், உங்களுக்கு நடந்தது தப்பு. அகாடமியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தாலும் தப்பு. சந்தேகத்துக்குக் காரணம் தீர்ந்தவுடன் அனுப்பிவிட வேண்டும், நாற்பது நிமிடம் என்பது நியாயமே இல்லை. அந்த மூன்று வரிக் கடிதம் அதைவிட மோசம்.

நான் வாரியத்துக்கு எதிரி இல்லை. மாநிலமே செய்யட்டும் என்கிறேன்.

#13 சட்டம்_சாரதா

மாநிலமே செய்த ஊரும் இருக்கிறது சார். மேரிலாந்து. போலீஸ் உரிமைச் சட்டத்தை நாட்டிலேயே முதலில் போட்ட மாநிலம் அதுதான், 1970களில். 2021இல் அதைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு கவுண்டியிலும் மக்கள் அடங்கிய பொறுப்புடைமை வாரியம் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கவர்னர் வீட்டோ செய்தார், அதையும் மீறி நிறைவேற்றினார்கள். கலிஃபோர்னியாவில் 2020இல், ஷெரிஃபைக் கண்காணிக்கும் வாரியத்தை கவுண்டிகள் சம்மன் அதிகாரத்தோடே வைக்கலாம் என்று மாநிலச் சட்டம். ஆக எல்லா ஊருக்கும் ஒரே விதி என்பதுதான் உண்மையான காரணம் என்றால், டென்னசியும் ஃபுளோரிடாவும் எல்லா ஊருக்கும் வாரியம் என்று எழுதியிருக்கலாம். எல்லா ஊருக்கும் வேண்டாம் என்று எழுதினார்கள்.

#14 செயின்ட்_லூயி_சேகர்

தாமதமாக வந்தேன், ஒன்றே ஒன்று. எங்கள் ஊர் போலீஸ் 1861இல் மாநிலக் கட்டுப்பாட்டுக்குப் போனது. உள்நாட்டுப் போர் நேரம், ஊர் வடக்குப் பக்கம், கவர்னர் தெற்குப் பக்கம், ஊரின் துப்பாக்கி தன் கையில் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். போர் நாலு வருடத்தில் முடிந்தது, போலீஸ் ஊருக்குத் திரும்பி வந்தது 2013இல். 2025இல் மறுபடி மாநில வாரியத்தின் கைக்குப் போய்விட்டது. உங்களுக்கெல்லாம் கண்காணிப்பு வாரியம் போயிற்று, எங்களுக்குப் போலீஸே போயிற்று.

#15 செல்வி_டென்னசி

எல்லோருக்கும் நன்றி. பாஸ்கர் சார் எழுதியதை என் கணவரிடம் படித்துக் காட்டினேன், இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ஒரு கேள்வி. அந்த வீடியோவை இப்போது கேட்டு வாங்க வழி இருக்கிறதா? வாரியமெல்லாம் இல்லாமல், நாங்களே.

#16 சட்டம்_சாரதா

கேட்கலாம். டென்னசி பொது ஆவணச் சட்டத்தில் எழுதிக் கொடுங்கள். இந்த மாநிலத்தவருக்குத்தான் அந்த உரிமை என்பதால் டிரைவிங் லைசன்ஸ் கேட்பார்கள், எடுத்துப் போங்கள். ஏழு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும், அல்லது எப்போது தருவோம், ஏன் மறுக்கிறோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். பார்வையிடக் காசு இல்லை, நகல் எடுத்தால்தான். தேதி, நேரம், இடம், வண்டி நம்பர், அந்த மூன்று வரிக் கடிதத்தின் எண் எல்லாம் போடுங்கள். வீடியோ மட்டும் கேட்காதீர்கள், உங்கள் புகார் மேல் நடந்த விசாரணைக் கோப்பு முழுவதும் என்று கேளுங்கள். வீடியோ அழிந்துபோயிருக்கலாம், ஆனால் அதை யாராவது பார்த்தார்களா என்று கோப்பு சொல்லும்.

#17 செல்வி_டென்னசி

கடிதத்தைத் தேடி எடுத்துவிட்டேன், ஃபிரிட்ஜ் மேலே பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு இருந்தது. அவர் திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறார்.